தோள்பட்டை போன பிறகுதான் அனுமதியா?

புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை பக்கத்தில் பவர் ஸ்டியரிங் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. சென்னை ரானே குழுமம் அமெரிக்காவின் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தியது. டி.ஆர்.டபிள்யூ.வை ஜெர்மனியின் இசட்.எஃப். 2015இல் வாங்கிய பிறகு பெயர் மாறியது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் அங்கிருந்து ஸ்டியரிங் பெட்டிகள் போகின்றன. அதே மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆலங்குடி, கந்தர்வகோட்டை பக்கம் தைலமரக் காடுகளுக்குள் போய்ப் பாருங்கள். கட்டை இழுக்கிற பழைய டிராக்டரின் டிரைவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, சீட்டிலிருந்து அரையடி எழும்பி, உடம்பையே ஒரு பக்கம் சாய்த்துத்தான் வண்டியைத் திருப்புவார். அந்தத் தொழிற்சாலைக்கும் இந்தக் காட்டுக்கும் நடுவே சில மணி நேரப் பஸ் பயணம்தான்.

நான் புதுக்கோட்டையில் ஹைட்ராலிக் பட்டறை வைத்திருக்கிறேன். ஜே.சி.பி. சிலிண்டருக்கு சீல் மாற்றுவது, டிப்பர் ஜாக்கி பழுது பார்ப்பது, ஹோஸ் பிரஸ் செய்து கொடுப்பது எனக்கு அன்றாட வேலை. சில வருடங்களாக இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. கூப்புகளில், அதாவது மரம் வெட்டும் காட்டுப் பகுதிகளில், மரம் இழுக்கும் பழைய டிராக்டர்களுக்கு ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் பொருத்திக் கொடுக்கிறேன். ஒவ்வொரு வண்டியை முடித்து வெளியே அனுப்பும்போதும் ஒரே கேள்விதான் வருகிறது: இவ்வளவு நல்ல காரியத்தை ஏன் ஒளிந்து மறைந்து செய்கிற மாதிரி இருக்கிறது?

தைலமரக் கூப்பு எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் 1974இல் தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கத்துச் செம்மண் காடுகளில் தைலமரம் வளர்க்கிறது. விவசாயிகளின் பட்டா நிலத்திலும் இருக்கிறது. மரம் சில வருடத்தில் வெட்டுக்கு வந்துவிடும். வெட்டிப் பட்டை உரித்து, அளவாகத் துண்டு போட்டு, காட்டுக்குள்ளிருந்து ரோட்டோரம் வரை டிராக்டரில் இழுத்துக்கொண்டு வர வேண்டும். அங்கிருந்து லாரியேறி கரூர் பக்கம் புகளூர் காகித ஆலைக்கோ, பள்ளிப்பாளையம் காகித ஆலைக்கோ போகும்.

வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைப் பிடுங்க மாட்டார்கள். அது மறுபடி துளிர்க்க வேண்டும், அதுதான் அடுத்த வெட்டு. ஆகவே டிராக்டர் போகிற பாதையெல்லாம் முழங்கால் உயரத்துக்குக் கீழே மரமுண்டுகள். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே ஒரு வண்டி நுழைகிற இடம்தான் இருக்கும். முன் சக்கரம் அந்த முண்டில் இடிக்காமல் எடுக்க வேண்டும், பின்னால் வருகிற டிரெய்லரும் இடிக்கக் கூடாது. ஒரு நடை முடிவதற்குள் ஸ்டியரிங்கை எத்தனையோ தரம் முழுசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடிக்க வேண்டியிருக்கும். தார் ரோட்டில் போகும்போது பழைய ஸ்டியரிங்கும் அவ்வளவு கனமாகத் தெரியாது. நின்ற இடத்தில், மணலில், பாரத்தோடு திருப்பும்போதுதான் அதன் குணம் தெரியும்.

இடித்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். மெக்கானிகல் ஸ்டியரிங்கில் சக்கரமும் டிரைவர் கையில் இருக்கும் வீலும் இரும்பால் இணைந்தவை. முன் சக்கரம் முண்டில் மோதினால் அந்த உதை ராடு வழியாக, ஸ்டியரிங் பெட்டி வழியாக மேலே ஏறி, வீலைச் சட்டென்று சுற்றிவிடும். கட்டைவிரலை வீலுக்குள்ளே மடித்துப் பிடித்திருந்தால் குறுக்குக் கம்பி வந்து விரலில் அடிக்கும். அதனால்தான் பழைய டிரைவர்கள் கற்றுக்கொள்ள வருகிற பையனுக்கு கியர் சொல்லிக் கொடுக்கும் முன்னே, கட்டைவிரலை வெளியே வைத்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். என் பட்டறைக்கு வருகிற டிரைவர்களின் கையை நான் பார்ப்பது வழக்கம். கட்டைவிரல் கணு புடைத்து ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கிற கைகள் உண்டு. வலது தோளைக் காதுக்கு மேலே தூக்க முடியாதவர்கள் உண்டு. ஒருவர் எனக்கு அண்ணன் முறை. சட்டையில் கை நுழைக்க வீட்டில் அண்ணிதான் உதவ வேண்டும். வயது ஐம்பதைத் தாண்டவில்லை.

இப்போது கட்டை ஏற்ற ஆள் கிடைப்பதில்லை என்று பலர் டிராக்டருக்கு முன்னால், கட்டையைக் கவ்வித் தூக்குகிற கிராப் மாட்டிவிட்டார்கள். அதனால் சுமைத் தொழிலாளியின் முதுகு தப்பித்தது, நல்லதுதான். ஆனால் அந்தச் சுமை டிரைவரின் தோளுக்கு மாறிவிட்டது. கணக்கு போட்டால் புரியும். எங்கள் பக்கம் அதிகம் ஓடுகிற முப்பத்தைந்து குதிரைத்திறன் டிராக்டரின் எடை சுமார் 1,700 கிலோ. அதில் முன் ஆக்சிலில் நிற்பது சுமார் 650 கிலோ. முன் சக்கரத்துக்கு இரண்டு மீட்டர் முன்னால் கிராப்பில் 400 கிலோ கட்டையைத் தூக்கினால் முன் ஆக்சிலில் கூடுவது 400 கிலோ மட்டுமல்ல. நெம்புகோல் மாதிரி பின்சக்கரத்தின் பாரத்தையும் இழுத்து முன்னால் போடும். முன் ஆக்சில் பாரம் ஒன்றரை டன்னுக்குப் போய்விடும், கிராப்பின் சொந்த எடையைச் சேர்க்காமலே. வயலில் ஏர் உழுவதற்காக வடிவமைத்த ஸ்டியரிங் பெட்டியை வைத்துக்கொண்டு, இரண்டு மடங்குக்கு மேல் பாரத்தை ஒரு மனிதன் கையால் திருப்புகிறான்.

ஹைட்ராலிக் ஸ்டியரிங் புதுச் சங்கதி அல்ல. அமெரிக்காவில் பியர்ஸ் ஆரோ கம்பெனியின் லாரிப் பிரிவில் எஞ்சினியராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ், கனரக வண்டிகளைத் திருப்புகிற கஷ்டத்தைப் பார்த்துவிட்டு, எண்ணெய் அழுத்தத்தால் உதவுகிற ஸ்டியரிங்கை 1926இல் செய்து காட்டினார். செலவு அதிகம் என்று கார் கம்பெனிகள் ஒதுக்கின. இரண்டாம் உலகப் போரில் கவச வண்டிகளுக்குத் தேவைப்பட்டது. 1951இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் விற்பனைக்கே வந்துவிட்டது. கனடா, அமெரிக்கக் காடுகளில் மரம் இழுக்கும் ஸ்கிடர் என்ற வண்டி 1960களிலேயே நடு இடுப்பில் மடிந்து திரும்பும்படி வந்தது. அதை மடக்குவது இரண்டு ஹைட்ராலிக் சிலிண்டர்கள்தான். அந்த ஊர்களில் அரை நூற்றாண்டுப் பழைய வண்டிகளைக்கூடத் தூக்கி எறியாமல், நவீன ஸ்டியரிங் யூனிட்டைப் பொருத்தி ஓட்டுகிறார்கள். லாரி டிரைவரின் கை வலியில் பிறந்த ஒரு கருவி, காருக்குப் போய், பெரிய பஸ்ஸுக்குப் போய், சுற்றிச் சுற்றி எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. எங்கள் கூப்பு டிராக்டர் மட்டும் பாக்கி.

என் பட்டறையில் எப்படிச் செய்கிறோம் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். விவரம் தெரியாததால்தான் ஒரு பக்கம் பயமும் இன்னொரு பக்கம் அரைகுறை வேலையும் நடக்கின்றன.

பழைய ஸ்டியரிங் பெட்டியைக் கழற்றிவிடுவோம். அதன் இடத்தில் ஸ்டியரிங் தண்டின் அடியில் ஆர்பிட்ரால் யூனிட் உட்காரும். உள்ளங்கைக்குள் அடங்காது, ஒரு சின்ன இரும்பு உருளை. அதற்குள் பல் வைத்த ஒரு சக்கரம் இன்னொரு பல் வளையத்துக்குள் சுழலும். டிரைவர் வீலைத் திருப்பினால், திருப்பிய அளவுக்கு மட்டும் எண்ணெயை அளந்து ஒரு பக்கம் அனுப்பும். அந்த எண்ணெய் முன் ஆக்சிலில் கட்டிய சிலிண்டருக்குப் போய் சக்கரத்தைத் தள்ளும். எஞ்சினால் ஓடும் ஒரு கியர் பம்ப், ஒரு எண்ணெய்த் தொட்டி, ஒரு ஃபில்டர், நாலு ஹோஸ். சாமான் இவ்வளவுதான்.

சாமானை வாங்கிப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற பட்டறைகள் இருக்கின்றன. முடியாது. 50 மில்லிமீட்டர் போர், 25 மில்லிமீட்டர் ராடு, 200 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் பக்கம் சுமார் 390 சிசி எண்ணெய் பிடிக்கும். ராடு இருக்கிற பக்கம், ராடு இடத்தை அடைத்துக்கொள்வதால், 295 சிசிதான் பிடிக்கும். ஒரு சுற்றுக்கு 100 சிசி தள்ளும் யூனிட்டைப் போட்டால், ஒரு பக்கம் முழுசாக ஒடிக்க நாலு சுற்று, மறு பக்கம் மூன்று சுற்று. டிரைவருக்கு இது பெரிய குழப்பம். அவசரத்தில் அவர் கை பழகிய கணக்குக்குத்தான் சுற்றும், வண்டி அந்தக் கணக்குக்குத் திரும்பாது. இரண்டு பக்கமும் ராடு உள்ள சிலிண்டரைப் போட்டால் இந்த வித்தியாசமே இல்லை. கொஞ்சம் விலை கூட, அவ்வளவுதான். என் பட்டறையில் வேறு எதையும் போடுவதில்லை.

பம்பின் அளவும் அப்படித்தான். பட்டறை வாசலில் எஞ்சினை முறுக்கிவிட்டு ஸ்டியரிங்கைச் சுற்றிக் காட்டினால் விரலால் திருப்பலாம், ஓனர் சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிடுவார். காட்டுக்குள் போய் ஐட்லிங்கில் முண்டுகளுக்கு நடுவே ஒடிக்கும்போது எண்ணெய் போதாமல் வீல் கல்லாகிவிடும். நிமிடத்துக்கு 80 சுற்று வேகத்தில் திருப்புகிற டிரைவருக்கு, 100 சிசி யூனிட்டில், நிமிடத்துக்கு 8 லிட்டர் எண்ணெய் வேண்டும். அது ஐட்லிங்கிலேயே கிடைக்க வேண்டும். ஸ்டியரிங் வேலைக்குப் பரீட்சை ஐட்லிங்கில்தான்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது அழுத்தம். நான் சொன்ன சிலிண்டரில் 100 பார் அழுத்தம் விட்டால் ராடு பக்கத்திலேயே ஒன்றரை டன் விசை வரும். பழைய டிராக்டரின் டை ராடும் ஸ்டியரிங் ஆர்மும் மனிதக் கை பலத்துக்குத் தாங்குகிற மாதிரி செய்தவை. சக்கரம் இரண்டு முண்டுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும்போது மனிதக் கை ‘இதற்கு மேல் முடியாது’ என்று நின்றுவிடும். எண்ணெய் நிற்காது, இரும்பை வளைத்துவிடும். ஆகவே அழுத்தம் எல்லை மீறாமல் திறந்துவிடுகிற ரிலீஃப் வால்வை அந்த ஆக்சில் தாங்குகிற அளவுக்கு இறக்கி வைத்து, கேஜ் மாட்டிப் பார்த்து, சீல் வைக்க வேண்டும். டை ராடு எண்டுகளையும் கிங் பின் புஷ்ஷையும் புதிதாக மாற்றாமல் நான் வண்டியைக் கையில் எடுப்பதே இல்லை. தேய்ந்துபோன புஷ்ஷின் மேல் பவர் ஸ்டியரிங் பொருத்தினால், தேய்மானம் டிரைவர் கைக்குத் தெரியாமலே வளரும். ஒருநாள் ரோட்டில் சக்கரம் தன் போக்கில் போகும்.

ஹோஸ் விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை. இரண்டு அடுக்குக் கம்பிப் பின்னல் உள்ள ஹோஸ், பிரஸ் செய்த நுனி. இதைத் தவிர வேறெதுவும் அழுத்தப் பக்கத்தில் இருக்கக் கூடாது. கிளிப் போட்டு முறுக்கிய ரப்பர் குழாயோடு ஓடுகிற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அதை ஓட்டுகிறவரின் வீட்டுக் குழந்தைகளை நினைத்தால் வயிறு கலங்குகிறது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்: எண்ணெய் எங்கே கசிகிறது என்று விரலை வைத்துத் தடவிப் பார்க்காதீர்கள். ஊசி முனை ஓட்டையிலிருந்து வருகிற அழுத்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள், அதில் ஈரம் தெரியும்.

ஒழுங்காகச் செய்தால் பலன் கைமேல் தெரியும். முண்டில் இடித்த உதை எண்ணெயிலேயே நின்றுவிடும், வீலுக்கு வராது. டிரைவர் ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் கிராப் லீவருமாக உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம். நான் முன்பு சொன்ன அண்ணன் ஓட்டுகிற வண்டிக்கு இந்த வேலையை முடித்துக் கொடுத்து ஒரு சீசன் கழித்து, அவர் பட்டறைக்கு வந்தார், வேறொரு ஜாக்கி வேலையாக. “எப்படிண்ணே இருக்கு ஸ்டியரிங்?” என்று கேட்டேன். “தம்பி, முன்னெல்லாம் சாயங்காலம் வீட்டுக்குப் போனா சோத்தைப் பெசஞ்சு வாயில வைக்க முடியாது, கை நடுங்கும். இப்ப பேரனைத் தூக்கிக்கிட்டுக் கடைத்தெருவுக்குப் போறேன்” என்றார். அவர் தோள் பழைய நிலைக்கு வரவில்லை, வராது என்று டாக்டரே சொல்லிவிட்டார். இனி மோசமாகாது, அவ்வளவுதான். பத்து வருடம் முன்னால் அந்த வண்டிக்கு இந்த வேலையைச் செய்திருந்தால் அவருக்கு இந்த நிலைமை வந்திருக்காது.

ஏன் செய்யவில்லை? பணம் ஒரு காரணம். டிராக்டருக்கு என் பட்டறையில் நாற்பதாயிரம் ரூபாய் சுற்றளவில் முடிகிறது. அது சின்னத் தொகை அல்ல, ஆனால் ஒரு புது டிராக்டர் ஆறு ஏழு லட்சம். இன்னொரு காரணம், வண்டி ஓனர் வேறு, ஓட்டுகிறவர் வேறு. வலி ஒருவருக்கு, செலவு இன்னொருவருக்கு. “இத்தனை வருஷம் இப்படித்தானே ஓட்டினாங்க” என்று ஓனர் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. மூன்றாவது காரணம் சட்டம். இந்தக் கட்டுரையை எழுதவைத்ததே அதுதான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, வண்டித் தயாரிப்பாளர் வைத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே உறுதி செய்தது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது. நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. பாடியை நீட்டி, ஸ்பிரிங் பட்டை கூட்டி, இஷ்டத்துக்கு வண்டியை வெட்டி ஒட்டியதால் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று பட்டறைக்காரனுக்குத் தெரியும்.

ஆனால் அதே 2019 திருத்தம் ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. வண்டியில் எந்தெந்த மாற்றத்தை, எந்தத் தரத்தில், எந்த நிபந்தனையோடு செய்யலாம் என்று மத்திய அரசு விதி வகுக்கலாம் என்கிறது. எரிவாயு கிட் வைக்க விதி வந்திருக்கிறது. பழைய வண்டியில் மின்மோட்டார் பொருத்தவும் விதி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கிட், அங்கீகாரம் பெற்ற பட்டறை, ஆய்வு, ஆர்.சி. புத்தகத்தில் பதிவு என்று ஒழுங்காக நடக்கிறது. எரிபொருளையே மாற்ற வழி இருக்கும்போது, பழைய டிராக்டருக்குப் பவர் ஸ்டியரிங் வைக்க அதே மாதிரி ஒரு வழியை வகுப்பதில் என்ன தடை?

அதே 52ஆவது பிரிவில் இன்னொரு உட்பிரிவு இருக்கிறது. உடல் ஊனம் உள்ளவர், தன் வண்டியைத் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டு, பிறகு பதிவு அதிகாரியிடம் ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம். மிக நியாயமான ஏற்பாடு. ஆனால் கூப்பு டிரைவரின் பக்கமிருந்து இதைப் படித்துப் பாருங்கள். தோளும் மணிக்கட்டும் நன்றாக இருக்கிறவரை ஸ்டியரிங்கை இலகுவாக்க அவருக்குத் தெளிவான வழி இல்லை. இருபது வருடம் அதே ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி, தோள் போய், ஊனச் சான்றிதழ் வாங்கினால் சட்டம் கதவைத் திறக்கும். அதுவும் அவர் பெயரில் சொந்த வண்டி இருந்தால்தான். ஊனம் வந்த பிறகு கொடுக்கிற அனுமதியை வருமுன் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து தயாராகிற நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. டிரைவரின் உடம்பும் சாலைப் பாதுகாப்பின் ஒரு பகுதி என்று அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது, நெஞ்சாரப் பாராட்டுகிறேன். ஆனால் விதிகள் எப்போதும் புது வண்டியை நோக்கியே எழுதப்படுகின்றன. மானியமும் அப்படியே. வேளாண் எந்திரமயமாக்கல் திட்டத்தில் புதிதாக வாங்குகிறவருக்கு உதவி உண்டு. டிராக்டர் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக 2025 செப்டம்பரில் குறைந்தது, அதுவும் வாங்குகிறவருக்குத்தான். கூப்புக்குள் ஓடுகிற வண்டி வயலில் உழுது முடித்து, இரண்டு மூன்று கை மாறி, கடைசியில் மரம் இழுக்க வந்த வண்டி. அதன் ஓனருக்குப் புது வண்டி வாங்குகிற சக்தி இருந்தால் அவர் அதைத் தேடிப் போயிருக்கவே மாட்டார்.

“பழையதைக் கழித்துவிடுங்கள், புதியதில் எல்லாம் இருக்கிறது” என்று சொல்கிறவர்கள் உண்டு. புகை கக்குகிற, பிரேக் பிடிக்காத வண்டியைக் கழிப்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் எஞ்சினும் கியர்பாக்ஸும் நன்றாக இருக்கிற டிராக்டர் இன்னும் பத்து வருடம் கூப்பில் ஓடும், யார் என்ன சொன்னாலும் ஓடும். அந்தப் பத்து வருடமும் யாரோ ஒருவர் அதன் ஸ்டியரிங்கில் உட்காருவார். பவர் ஸ்டியரிங் சொகுசு என்று பேசுகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. ஒருநாள் காலையிலிருந்து மத்தியானம் வரை கந்தர்வகோட்டைக் கூப்பில் கிராப் வண்டியில் உட்கார்ந்துவிட்டு வரட்டும்.

எதிர்ப்பக்கத்தில் கவனிக்க வேண்டிய வாதம் ஒன்று இருக்கிறது. ஆர்பிட்ரால் வைத்த வண்டியில் வீலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தொடர்பு கிடையாது, எண்ணெய் மட்டும்தான். எஞ்சின் அணைந்துவிட்டால் யூனிட்டே கைப்பம்ப் மாதிரி வேலை செய்யும், கனமாக இருந்தாலும் திருப்பி ஓரம் கட்டலாம். ஹோஸ் வெடித்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் இது மெதுவாகப் போகிற வண்டிக்கு மட்டும் உரியது. நெடுஞ்சாலையில் அறுபது எழுபதில் ஓடுகிற கட்டை லாரிக்கு ஆர்பிட்ராலைப் பூட்டவே கூடாது. லாரிக்கு என்று வேறு அமைப்பு இருக்கிறது: இரும்புத் தொடர்பு அப்படியே இருக்க, எண்ணெய் அழுத்தம் துணைக்கு மட்டும் வருகிற ஸ்டியரிங் பெட்டி. விராலிமலையில் செய்வது அந்த வகைதான். எண்ணெய் போனாலும் கனத்தோடு திருப்பலாம். இந்த வித்தியாசத்தை ஒரு டிராக்டர் ஓனரோ, நாலு ஊருக்கு ஒரு பட்டறை வைத்திருக்கிற பையனோ தானாகவே தெரிந்துகொள்வான் என்று விட்டுவிடக் கூடாது. அனுமதி இல்லாததால் வேலை நிற்கவில்லை, நிற்கவும் போவதில்லை. கண்காணிப்பு இல்லாமல் நடக்கிறது, அதுதான் ஆபத்து. கிளிப் போட்ட ரப்பர் ஹோஸ்கள் அப்படித்தான் ரோட்டுக்கு வருகின்றன.

ஆகவே நான் கேட்பது இவைதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 52ஆவது பிரிவின் கீழ் பழைய டிராக்டருக்கும் லாரிக்கும் தனித்தனியே பவர் ஸ்டியரிங் மாற்றத்துக்குத் தரம் வகுக்கட்டும். சிலிண்டர், ஹோஸ், அழுத்த வரம்பு, டை ராடு, எல்லாம் அதில் எழுத்தில் வரட்டும். தமிழக அரசு, மாற்றிய வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றுகிற ஏற்பாட்டைச் செய்யட்டும். காப்பீட்டுக்காரர் நாளை விபத்தில் கைவிரிக்காமல் இருக்க அந்த ஒரு வரி தேவை. புதுக்கோட்டை ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த வேலையைப் பாடமாக வைக்கலாம். கேஜ் மாட்டி ரிலீஃப் வால்வு அமைக்கத் தெரிந்த ஒரு பையனுக்கு இந்த மாவட்டத்தில் வேலை இல்லாமல் போகாது. என் பட்டறைக் கதவு அவர்களுக்குத் திறந்தே இருக்கும்.

விதி வருவதற்கு வருடங்கள் ஆகலாம். அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மரம் வெட்டி இழுக்க ஒப்பந்தம் கொடுப்பது வனத்தோட்டக் கழகம், வாங்குவது காகித ஆலைகள். கிராப் மாட்டிய வண்டி கூப்புக்குள் வந்தால் அதற்குப் பவர் ஸ்டியரிங் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். கம்பெனியிலிருந்தே பவர் ஸ்டியரிங்கோடு வந்த செகண்ட் ஹேண்ட் டிராக்டர்கள் சந்தையில் நிறையக் கிடைக்கின்றன, கிராப்பை அவற்றுக்கு மாற்றி மாட்டலாம். டன்னுக்குக் கொடுக்கிற கூலியில் அதற்காகச் சில ரூபாய் கூட்டிக் கொடுத்தால் ஓனரும் முணுமுணுக்க மாட்டார். அடுத்த ஒப்பந்தப்புள்ளி விடுவதற்கு முன்னால் அந்த நிபந்தனையை எழுதுங்கள்.